சாப்பாடு, நடை, எடை: சிங்கப்பூரில் அன்றாடக் கணக்கு எழுதுவது எப்படி

சாப்பாட்டையும் உடற்பயிற்சியையும் குறித்து வைக்கத் தொடங்குகிறவர்களில் நிறைய பேர் இரண்டாவது வாரத்திலேயே விட்டுவிடுகிறார்கள். கறிவேப்பிலை முதல் கடைசிக் கவளம் வரை எல்லாவற்றையும் எழுதப் பார்த்தால் யாருக்கும் கை ஓய்ந்துபோகும். குறிப்பேடு எதற்காக என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். வாரக் கடைசியில் உட்கார்ந்து, அடுத்த வாரம் எதை மாற்றுவது என்று ஒரே ஒரு முடிவு எடுக்க அது உதவ வேண்டும். அந்த முடிவுக்குத் தேவைப்படாத எதையும் எழுத வேண்டாம். தேவைப்படுவதை ஒரு நாளும் விடவும் வேண்டாம்.

எதை எழுதுவது என்பது உங்கள் இலக்கைப் பொறுத்தது. எடை குறைய வேண்டுமானால் கலோரியும் காலை எடையும். சர்க்கரை கட்டுப்பட வேண்டுமானால் சோறு, மாவு, இனிப்பின் அளவு, சாப்பிட்ட நேரம், மீட்டர் காட்டிய எண். இரத்த அழுத்தம் என்றால் ஊறுகாய், கருவாடு, அப்பளம், குழம்பு, சூப், சாஸ். தேசியச் சேவையாளர் ஐபிபிடி என்ற உடற்தகுதித் தேர்வுக்குத் தயாராகிறார் என்றால் ஓட்ட நேரமும் தண்டால் எண்ணிக்கையும். சாப்பாட்டில் புரதத்தைப் பார்த்தால் போதும். இரண்டு இலக்குகளை ஒரே நேரத்தில் துரத்தினால், வாரக் கடைசியில் எந்த மாற்றம் எதனால் வந்தது என்று சொல்ல முடியாது. ஒன்றைப் பிடித்து எட்டு வாரம் போங்கள்.

முதல் வாரத்தில் எதையும் மாற்றாதீர்கள். வழக்கமாகச் சாப்பிடுவதைச் சாப்பிட்டு, வழக்கமாக நடப்பதை நடந்து, அப்படியே எழுதுங்கள். இந்த வாரம் பொய்யாகிவிட்டால் பின்னால் ஒப்பிட்டுப் பார்க்க எதுவும் இருக்காது. நோட்டில் எழுதுவதா, செயலியில் எழுதுவதா என்பது உங்கள் விருப்பம். சுகாதார மேம்பாட்டு வாரியத்தின் ஹெல்தி 365 செயலியில் உள்ளூர் உணவுகளைத் தேடிப் பதிய முடியும். பயனாளர்களே தகவல் ஏற்றும் செயலிகளில் கவனம் தேவை. 'தோசை' என்று தேடினால் கைக்கு ஒரு கணக்கு வரும். உங்கள் வீட்டுத் தோசைக்குப் பொருந்துகிற ஒன்றைத் தேர்ந்தெடுத்துச் சேமித்துக்கொண்டு, எப்போதும் அதையே போடுங்கள்.

வீட்டுச் சமையலை அளப்பது

இருபது வெள்ளிக்குள் கிடைக்கும் மின்னணுச் சமையலறைத் தராசு ஒன்று வேண்டும். 1 கிராம் துல்லியமும் 5 கிலோ கொள்ளளவும் இருந்தால் குக்கரையே தூக்கி வைத்து எடை போடலாம். தட்டை வைத்து, எண்ணைப் பூச்சியமாக்கும் பொத்தானை அழுத்திவிட்டுச் சோற்றைப் போடுங்கள். மறுபடி பூச்சியமாக்கிப் பொரியலைப் போடுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் அரிசி. 100 கிராம் பச்சையான அரிசியில் சுமார் 360 கலோரி இருக்கிறது. அதே அரிசி வெந்து தண்ணீரைக் குடித்தபின் இரண்டரை மூன்று மடங்கு எடை கூடுகிறது. 100 கிராம் சோற்றில் சுமார் 130 கலோரிதான். சோற்றை எடை போட்டுவிட்டுச் செயலியில் 'அரிசி, வேகாதது' என்பதைத் தட்டினால் கணக்கு கிட்டத்தட்ட மூன்று மடங்காக எகிறும். பருப்பு, பாஸ்தா, சோயா உருண்டை எல்லாவற்றுக்கும் இதே சிக்கல் உண்டு. இறைச்சியில் இது தலைகீழ்: வேகும்போது தண்ணீரை இழப்பதால் எடை குறையும். எடை போட்ட நிலை எதுவோ அந்த நிலைக்குரிய எண்ணையே எடுங்கள்.

அடுத்து குழம்பு. 'சாம்பார் ஒரு கிண்ணம்' என்று எழுதினால் அதற்கு அர்த்தம் இல்லை. ஒரு தடவை பாத்திரத்தோடு கணக்குப் போட்டுவிட்டால் பல மாதங்களுக்கு அதே எண்ணைப் பயன்படுத்தலாம். செய்யும் முறை இது:

1. காலிப் பாத்திரத்தை எடை போடுங்கள். உதாரணத்துக்கு 850 கிராம்.
2. உள்ளே போவதை எழுதுங்கள். துவரம்பருப்பு 150 கிராம் (சுமார் 510 கலோரி), எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி (240), காய்கறி 400 கிராம் (120), புளி 20 கிராம் (50), மற்றவை (20). மொத்தம் 940 கலோரி.
3. இறக்கியபின் பாத்திரத்தோடு எடை போடுங்கள். 2,730 கிராம் வந்தால், பாத்திரத்தைக் கழித்துச் சாம்பார் 1,880 கிராம்.
4. 940ஐ 1,880ஆல் வகுத்தால் ஒரு கிராமுக்கு அரை கலோரி. உங்கள் வீட்டுக் கரண்டி 120 கிராம் பிடிக்கும் என்றால், ஒரு கரண்டி 60 கலோரி.

கரண்டி எவ்வளவு பிடிக்கும் என்பதையும் ஒரு தடவை தராசில் பார்த்து, குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள். வாரத்தில் திரும்பத் திரும்பச் செய்வது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு உணவுகள்தான். அவற்றை இப்படி ஒரு முறை கணக்கிட்டுவிட்டால் வேலை பாதி முடிந்தது.

எண்ணெய்க்கு வேறு வழி இருக்கிறது. தாளிப்பதற்கு ஊற்றுவது, தோசைக்கல்லில் விடுவது, இட்லிப் பொடியில் குழைப்பது என்று ஒவ்வொரு துளியையும் அளப்பது நடக்காத காரியம். ஞாயிறு காலை எண்ணெய்ப் புட்டியை எடை போடுங்கள். அடுத்த ஞாயிறு மறுபடி போடுங்கள். நால்வர் உள்ள வீட்டில் ஏழு நாளில் 700 கிராம் குறைந்திருந்தால், ஆளுக்கு ஒரு நாளைக்கு 25 கிராம். எண்ணெயில் கிராமுக்கு 9 கலோரி என்பதால் அது 225 கலோரி. பொரித்து மிச்சமான எண்ணெயைக் கொட்டியிருந்தால் அந்த எடையைக் கழியுங்கள். நெய்யையும் இதே போலப் பார்க்கலாம். இந்த முறையைப் பின்பற்றினால், உணவு வாரியான கணக்கில் எண்ணெயைச் சேர்க்காதீர்கள். மேலே சொன்ன சாம்பாரில் எண்ணெயின் 240ஐ எடுத்துவிட வேண்டும். எந்த வழி என்றாலும் ஒன்றை மட்டும் பின்பற்றுங்கள். எண்ணெயைக் கணக்கில் கொள்ளாத குறிப்பேடு, எடை ஏன் குறையவில்லை என்ற கேள்விக்குப் பதில் சொல்லாது.

தேங்காயும் கவனிக்க வேண்டியது. துருவிய தேங்காய் 100 கிராமில் ஏறத்தாழ 350 கலோரி. குருமாவுக்கு அரைத்துவிட்டதும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது என்பதால்தான் எழுதும்போது விட்டுப்போகிறது.

வெளியில் சாப்பிடும்போது

உணவங்காடி நிலையத்தில் தராசை எடுத்து வைக்க முடியாது. அங்கே கைதான் அளவுகோல். மூடிய முட்டி அளவு சோறு அல்லது மீ (நூடல்ஸ்) என்றால் ஒரு பங்கு, ஏறத்தாழ 200 கலோரி. விரல் நீங்கலாக உள்ளங்கை அளவும் தடிப்பும் உள்ள மீன், கோழி, டோஃபு ஒரு பங்கு புரதம். கட்டைவிரலின் மேல் கணு அளவு எண்ணெய் அல்லது நெய் ஒரு தேக்கரண்டி, 40 முதல் 45 கலோரி. சுகாதார மேம்பாட்டு வாரியம் 2014இல் அறிமுகப்படுத்திய தட்டுப் படமும் கைகொடுக்கும்: பாதித் தட்டு காய்கறி பழம், கால் தட்டு முழுதானியம், கால் தட்டு இறைச்சி, மீன், பருப்பு வகை. கலோரி எண்ணப் பிடிக்காதவர்கள் ஒவ்வொரு வேளைக்கும் 'பாதி, கால், கால்' இருந்ததா இல்லையா என்று மூன்று குறி போட்டாலே போதும்.

சாதா பிராட்டா ஒன்றுக்கு 200 கலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கடை மாறும். ஆனால் எல்லா நாளும் அதே 200ஐப் போட்டால் ஒப்பீடு சரியாகவே இருக்கும். கறியைத் தனியாக எழுதுங்கள், தொட்டுக்கொண்டதற்கும் கிண்ணத்தைக் காலி செய்ததற்கும் வித்தியாசம் உண்டு. வாழையிலைச் சாப்பாட்டில் எண்ண வேண்டியது சோறு எத்தனை முறை வந்தது, அப்பளம் எத்தனை. தேக்காவில் பிரியாணி பொட்டலம் வாங்கினால், ஒரே ஒரு முறை வீட்டில் பிரித்துச் சோற்றையும் இறைச்சியையும் தனித்தனியே எடை போட்டுப் பாருங்கள். நெய் சேர்ந்த சோறு என்பதால் 100 கிராமுக்கு 130க்குப் பதில் 180 என்று போடலாம்.

பானங்களுக்கு வருவோம். சிங்கப்பூரில் எடைக் கணக்கு உதைப்பதற்கு முதல் காரணம் இதுவாகத்தான் இருக்கும். காப்பிக்கடையில் வெறும் 'தே' என்று சொன்னால் கெட்டிப்பால் போட்டது வரும். 'தே சி' என்றால் இனிப்பில்லாத சுண்டிய பாலும் சர்க்கரையும். 'தே ஓ' என்றால் பால் இல்லை, சர்க்கரை உண்டு. கூடவே 'கோசோங்' என்றால் சர்க்கரையும் இல்லை. 'சியூ தாய்' என்பது இனிப்பைக் குறைப்பது மட்டும்தான். அதைப் பூச்சியம் என்று எழுதாதீர்கள். கெட்டிப்பால் ஒரு மேசைக்கரண்டி, அதாவது 20 கிராம், சுமார் 65 கலோரி. அதில் பாதிக்கு மேல் சர்க்கரை. ஒரு குவளையில் இரண்டு மேசைக்கரண்டி விழுந்தால் 130. காலை, பத்தரை மணி, மாலை என்று மூன்று குவளை குடிப்பவருக்கு அது 390 கலோரி, ஏறக்குறைய இரண்டு பிராட்டா. குறிப்பேட்டில் 'டீ' என்று எழுதாமல், கடையில் சொன்ன சொல்லை அப்படியே எழுதுங்கள்: 'தே', 'தே சி சியூ தாய்', 'கோப்பி ஓ கோசோங்'.

புட்டியிலும் டின்னிலும் வரும் பானங்களுக்கு சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து ஏ முதல் டி வரை போடும் நியூட்ரி-கிரேட் தரம் 2022 டிசம்பர் 30 முதல் நடைமுறையில் உள்ளது. கடையில் அப்போதே கலந்து தரும் பானங்களுக்கும் ஓராண்டு கழித்து அது விரிவானது. 'டி' என்றால் 100 மில்லிக்கு 10 கிராமுக்கு மேல் சர்க்கரை, அல்லது நிறைவுற்ற கொழுப்பு மிகுதி. எல்லாக் கடையிலும் முத்திரை இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். முத்திரை உள்ள இடத்திலும் அது 100 மில்லிக்கான கணக்கு. 500 மில்லி குடித்தால் ஐந்தால் பெருக்க வேண்டும்.

பொட்டலத்தில் அடைத்த தின்பண்டங்களில் 'ஒரு பரிமாறல்' என்ற எண்ணைப் பார்த்து ஏமாறுவது சகஜம். 200 கிராம் முறுக்குப் பொட்டலத்தில் 30 கிராமுக்கான கலோரியை அச்சிட்டிருப்பார்கள். 100 கிராமுக்கான பத்தியைப் பாருங்கள். வெளிநாட்டுப் பொருள்களில் கிலோஜூல் மட்டும் இருந்தால் 4.2ஆல் வகுத்தால் கலோரி.

தங்குவிடுதியில் இருந்து வேலைக்குப் போகும் தம்பிமார்களுக்கு உணவு பொட்டலமாக வரும். எதைப் போடுவது என்பது அவர்கள் கையில் இல்லை. அவர்கள் கலோரிக் கணக்கில் மெனக்கெட வேண்டாம். சோறு எத்தனை முட்டி, புரதம் எத்தனை உள்ளங்கை, காய் இருந்ததா, தண்ணீர் எத்தனை புட்டி என்று நான்கு எண் போதும். வெயிலில் வேலை செய்பவருக்கு அந்த நான்கில் தண்ணீர்தான் முதலில் வர வேண்டும்.

எப்போது எழுதுவது

சாப்பிடுவதற்கு முன். பொட்டலத்தைப் பிரிப்பதற்கு முன்பே எழுதுகிற பழக்கம் வந்துவிட்டால், மறதியும் போகும், அளவும் தானாகக் கட்டுப்படும். இரவில் உட்கார்ந்து நினைவிலிருந்து எழுதினால் பிரதான உணவு எல்லாம் ஞாபகம் வரும். அலுவலகத்தில் யாரோ நீட்டிய கேக்கும், பிள்ளை மிச்சம் வைத்த பாதித் தோசையும் வராது. மனிதர்கள் தாம் சாப்பிடுவதைக் குறைத்தே எழுதுகிறார்கள் என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த விஷயம். வேண்டுமென்றே செய்வதும் இல்லை. எழுத நேரம் இல்லாவிட்டால் ஒரு படம் எடுத்துவிட்டு, பிறகு எம்ஆர்டி ரயிலில் உட்காரும்போது பதியுங்கள்.

இரவுப் பணியில் இருப்பவர்களுக்கு நாள் என்பது எழுந்ததிலிருந்து படுக்கும் வரை. நள்ளிரவில் பக்கத்தைப் புரட்டினால் ஒரே பணிநேரம் இரண்டு நாளாகப் பிளந்துபோகும். நோன்பு மாதத்தில் ஒரு நாளின் கணக்கை நோன்பு திறப்பதிலிருந்து தொடங்கி சஹர் வரை எழுதுங்கள். புரட்டாசியில் சைவத்துக்கு மாறுபவர்கள் புரதப் பத்தியைக் கூடுதலாகக் கவனியுங்கள். கோழி போன இடத்தில் சோறு வந்து உட்கார்ந்துகொள்ளும்.

உடற்பயிற்சியைப் பதிவது

பெரியவர்களுக்கான வழிகாட்டல் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அதோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சி. மிதமானதா என்று அறிய எளிய சோதனை: பேச முடியும், பாட முடியாது. கடைகடையாக நின்று நின்று நடப்பது அடிகளில் சேரும், இந்த நிமிடங்களில் சேராது. ஆகவே அடிகளுக்கு ஒரு கட்டம், வேக நடை நிமிடங்களுக்கு ஒரு கட்டம் என்று பிரித்து எழுதுங்கள்.

அடி எண்ணும் கருவிகளைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். பேரங்காடித் தள்ளுவண்டியையோ குழந்தை வண்டியையோ பிடித்துத் தள்ளும்போது கை அசையாததால் கைக்கடிகாரம் பல அடிகளை விட்டுவிடும். சமையலறையில் கிண்டும்போது நடக்காத அடிகளைச் சேர்க்கவும் கூடும். ஒரே கருவி, ஒரே கை என்று இருந்தால் வாரத்துக்கு வாரம் ஒப்பிடலாம்.

கருவி காட்டும் 'எரித்த கலோரி'யைச் சாப்பாட்டுக் கணக்கிலிருந்து கழிக்காதீர்கள். 65 கிலோ உள்ள ஒருவர் அரை மணி வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 130 கலோரி. அதிலும் சும்மா உட்கார்ந்திருந்தாலே செலவாகியிருக்கும் பங்கு ஒன்று உண்டு. நடந்துவிட்டோம் என்று ஒரு பிராட்டா சாப்பிட்டால் கணக்கு மைனஸில் போகாது, பிளஸில் போகும். நடையின் பலன் இதயத்துக்கும் சர்க்கரைக்கும் தூக்கத்துக்கும் வருகிறது. அதைப் பிராட்டாவோடு ஈடுகட்ட வேண்டியதில்லை.

தசைப் பயிற்சிக்கு மூன்று எண்: எடை, எத்தனை முறை, எத்தனை சுற்று. '10 கிலோ, 12 முறை, 3 சுற்று' என்று எழுதி, பக்கத்தில் கடைசிச் சுற்று எவ்வளவு கடினம் என்று பத்துக்கு ஒரு மதிப்பெண் போடுங்கள். இரண்டு முறை தொடர்ந்து 12-12-12 முடிந்து, கடினம் ஏழுக்குக் கீழே இருந்தால் எடையைக் கூட்டலாம். மறுநாள் மூட்டு வலித்தால் அதையும் எழுதுங்கள். தசை வலி இரண்டு நாளில் போகும். மூட்டு வலி அதே பயிற்சியில் திரும்பத் திரும்ப வந்தால் அந்தப் பயிற்சியை மாற்ற வேண்டும்.

ஐபிபிடி தேர்வில் 100 மதிப்பெண்ணில் 50 ஓட்டத்துக்கு, தண்டாலுக்கும் வயிற்றுப் பயிற்சிக்கும் தலா 25. வெள்ளித் தரத்துக்கு 75, தங்கத் தரத்துக்கு 85. 2.4 கிலோமீட்டர் என்பது 400 மீட்டர் தடத்தில் ஆறு சுற்று. மொத்த நேரத்தை மட்டும் எழுதாமல் சுற்று வாரியாக எழுதுங்கள். 13 நிமிட ஓட்டத்துக்குச் சுற்றுக்கு 2:10. முதல் சுற்று 1:50, ஐந்தாவது 2:30 என்று இருந்தால் வேகமாகத் தொடங்கிவிட்டு மூச்சு முட்டியிருக்கிறது என்று பொருள். ஓடிய நேரத்தையும் வானிலையையும் குறிக்க மறக்காதீர்கள். புழுக்கமான பிற்பகலில் ஓடிய நேரத்தை விடியற்காலை நேரத்தோடு ஒப்பிட்டுத் தேறவில்லை என்று நொந்துகொள்வது வீண். மதியம் இடிமழை வரும் மாதங்களில் பூங்கா இணைப்புப் பாதைக்குப் பதில் வீவக அடுக்குமாடிக் கட்டடத்தின் மாடிப்படி என்று மாற்று ஏற்பாட்டை முன்பே எழுதி வையுங்கள்.

எடையும் இடுப்பும்

காலையில் எழுந்து, கழிவறை போய்வந்து, எதுவும் குடிப்பதற்கு முன், தராசைத் தரை ஓட்டின் மேல் வைத்து ஏறுங்கள். பாயின் மேலோ விரிப்பின் மேலோ வைத்தால் எண் மாறும். ஒரு நாளைக்கும் அடுத்த நாளைக்கும் ஒரு கிலோ ஏறி இறங்குவது சாதாரணம். முந்தைய இரவு உப்பு தூக்கலாகச் சாப்பிட்டால் உடல் தண்ணீரைப் பிடித்து வைக்கும். மாதவிலக்குக்கு முந்தைய நாள்களிலும் அப்படித்தான். ஒரு கிலோ கொழுப்பு என்பது சுமார் 7,700 கலோரி. தினம் 500 கலோரி குறைத்தால் வாரத்துக்கு அரைக் கிலோவுக்குச் சற்றுக் குறைவாகவே இறங்கும். தண்ணீரின் ஏற்ற இறக்கம் அதைவிடப் பெரிது. ஆகவே ஏழு நாள் எடையைக் கூட்டி ஏழால் வகுத்து, அந்தச் சராசரியை மட்டும் சென்ற வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள்.

இடுப்பை வாரம் ஒரு முறை அளந்தால் போதும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், சாதாரணமாக மூச்சை விட்டு முடிக்கும்போது. ஆசியர்களுக்கு ஆண்கள் 90 சென்டிமீட்டர், பெண்கள் 80 சென்டிமீட்டர் எல்லை. நம்மவர்களுக்கு ஒட்டுமொத்த எடையைவிட வயிற்றுக் கொழுப்பே அதிக அபாயம் தருவதால், எடை அசையாத வாரத்தில் இடுப்பு குறைந்திருந்தால் அது உண்மையான முன்னேற்றம்.

வாரக் கடைசியில்

பதினைந்து நிமிடம் ஒதுக்குங்கள். முதலில் காலியாக இருக்கும் கட்டங்களைப் பாருங்கள். சனி இரவும் ஞாயிறு மதியமும் காலியாக இருந்தால், விருந்தும் வெளிச்சாப்பாடும் அங்கேதான் ஒளிந்திருக்கின்றன. அடுத்து, சராசரிகளைப் பாருங்கள். மூன்று வாரச் சராசரி 72.4, 72.3, 72.4 என்று இருக்க, நோட்டு 1,600 கலோரி என்று சொன்னால் அவசரப்பட்டு 1,300க்கு இறங்காதீர்கள். முதலில் எண்ணெய்ப் புட்டியை, பானங்களை, சமைக்கும்போது ருசி பார்ப்பதைச் சரிபாருங்கள். எல்லாம் சரியாக இருந்தும் எடை நின்றால் 200 கலோரியாவது குறைக்கிற ஒரே ஒரு மாற்றம்: இரண்டு 'தே'க்களை 'தே ஓ கோசோங்' ஆக்குவது, அல்லது இரவுச் சோற்றில் ஒரு முட்டியைக் குறைப்பது. இரண்டு வாரம் அதையே பிடியுங்கள். அதற்குள் இன்னொன்றை மாற்ற வேண்டாம்.

தீபாவளி வாரத்தில் நோட்டை மூடிவைக்கிறவர்கள் உண்டு. மூட வேண்டாம், கலோரி போடாமல், என்ன சாப்பிட்டோம் என்று மட்டும் எழுதுங்கள். கட்டங்கள் விடுபடாதவரை பழக்கம் அறுந்துபோகாது.

முழுக்கணக்கை வாழ்நாளெல்லாம் எழுதத் தேவையில்லை. எட்டு வாரத்துக்குப் பின் கண்ணுக்கு அளவு பழகிவிடும். அதன்பின் மாதத்தில் மூன்று நாள், இரண்டு வேலை நாளும் ஒரு விடுமுறை நாளும், எழுதினால் போதும். எண்களைப் பார்த்துப் பயம் வருகிறது, சாப்பிட்டபின் குற்ற உணர்வு அரிக்கிறது, வேளைகளைத் தவிர்க்கத் தோன்றுகிறது என்றால் கணக்கை அன்றே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் பேசுங்கள். பிள்ளைகளுக்கும் கர்ப்பிணிகளுக்கும் இந்தக் கலோரிக் கணக்கு வேண்டாம்.

இன்சுலின் போடுகிறவர்களும் கிளிப்பிசைடு, கிளிக்லசைடு போன்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களும், சோற்றைக் குறைப்பதற்கு முன்பே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மருந்தின் அளவு பழைய சாப்பாட்டுக்கு ஏற்ப எழுதப்பட்டது. சாப்பாடு குறைந்து நடையும் கூடினால் சர்க்கரை தாழ்ந்துபோகும். மீட்டர் 4 மில்லிமோலுக்குக் கீழே காட்டினால் மூன்று தேக்கரண்டி சர்க்கரையைத் தண்ணீரில் கலக்கிக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நாளை நோட்டில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள்.

பலதுறை மருந்தகத்துக்கோ குடும்ப மருத்துவரிடமோ போகும்போது முழு நோட்டையும் நீட்டினால் பார்க்க அவருக்கு நேரம் இருக்காது. ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: கடைசி நான்கு வாரச் சராசரி எடை, இடுப்பு, வாரத்துக்கு எத்தனை வேக நடை நிமிடம், வெறும் வயிற்றுச் சர்க்கரை எண்கள், சிவப்பு வட்டமிட்ட நாள்கள், அந்த நாள்களில் சாப்பிட்டதும் நடந்ததும். எச்பிஏ1சி சோதனை இரத்தச் சர்க்கரையின் ஏறத்தாழ மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது என்பதால், போன வாரம் தொடங்கிய மாற்றம் அதில் இன்னும் தெரியாது. எந்தத் தேதியில் எதை மாற்றினீர்கள் என்பதையும் அதே தாளின் மேல் ஓரத்தில் எழுதிவிடுங்கள்.